கதிரையை விட்டு எழும்புவோம்
முதுமையில் தசை தேய்வதும் குடும்பத்தின் பங்கும்



வழமையாக இந்தப் பக்கத்தில் பிள்ளைகளின் போஷாக்கு, கர்ப்பிணித் தாய்மாரின் கவனிப்பு, குடிநீர்ச் சுத்தம் போன்ற விஷயங்களைப் பற்றியே பேசி வந்திருக்கிறோம். இம்முறை நமது இஸ்தோப்புகளில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பற்றிப் பேசப் போகிறோம். "வயசாச்சு, இனி அப்படித்தான்" என்று நாம் எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிற ஒரு விஷயம் இருக்கிறது. கை மெலிகிறது, தொடை சூம்புகிறது, உட்கார்ந்தால் எழும்ப ஏலாமல் போகிறது. இதில் பெரும் பகுதி வயதின் குற்றம் அல்ல, நமது வீட்டுப் பழக்கத்தின் குற்றம் என்பதை நாமே பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஆகையால் முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறோம்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் சொந்த ஊர் கல்முனைக்குப் பக்கத்து மருதமுனை. ஒரு காலத்தில் எந்த ஒழுங்கையால் போனாலும் தறிச் சத்தம் கேட்கும் ஊர். எங்கள் வாப்பா தறியில் இருக்க, உம்மா நூல் சுற்றுவார். விடிய எழும்பிக் கிணற்றில் தண்ணீர் அள்ளி, பிட்டு அவித்து, நூல் சுற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பின்னேரம் சாயம் போட்ட நூலைக் காயவைத்து எடுப்பார். உட்கார்ந்து நாம் கண்டது குறைவு.

எங்கள் பக்கத்தில் ஒரு வழமை உண்டு. பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்வார்கள். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெற்றோர் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கோ அடுத்த மகளின் வீட்டுக்கோ மாறி மாறிப் போய், கடைசியில் இளைய மகளோடு தங்குவார்கள். அப்படித்தான் வாப்பா மௌத்தானதற்குப் பிறகு உம்மா எங்கள் தங்கச்சி வீட்டில் இருந்தார். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று அந்தக் கரையோரம் முழுவதும் இந்த வழமையைக் காணலாம். வயதான தாய் பெற்ற மகளின் கையில் சாப்பிடுவார். அதைவிடப் பெரிய பாதுகாப்பு என்ன இருக்கிறது என்றுதான் நாமும் நினைத்திருந்தோம்.

2022 ஆம் ஆண்டு உம்மாவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. அப்போது அவருக்கு 71 வயது. ஒன்பது நாள் வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தார். காய்ச்சல் சுகமாகி வீட்டுக்கு வந்தார். நாம் அன்று பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் வேலை. எரிபொருள் இல்லாமல் பஸ்கள் ஓடாத காலம் அது. போய்ப் பார்க்க இரண்டு மாதம் சென்றது.

போய்ப் பார்த்தால், உம்மா மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். இரண்டு கையையும் கதிரைப் பிடியில் ஊன்றினார். எழும்பவில்லை. மறுபடி முயற்சி செய்தார். தங்கச்சி ஓடி வந்து கமக்கட்டில் கை கொடுத்துத் தூக்கினார்.

"எழும்ப ஏலாதாம் மகன். கால் என்ட சொல்லக் கேக்குதில்ல" என்று சொல்லி உம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்களுக்கு நல்லதாகத் தெரியவில்லை.

தங்கச்சி சொன்னார்: "காக்கா, வந்த நாளையில இருந்து உம்மாவ ஒண்டுமே செய்ய விடல்ல. ஒரு கோப்பை கழுவ விடல்ல. சாப்பாடு கதிரைக்கு, வுழூ செய்யத் தண்ணியும் கதிரைக்கு. பாத்ரூமுக்குக் கூட நாங்கதான் புடிச்சிக் கொண்டு போறது." பெருமையோடுதான் சொன்னார். அதைக் கேட்டு நாமும் பெருமைப்பட்டோம் என்பதை மறைக்கக் கூடாது.

அடுத்த வாரம் உம்மா குளியலறையில் விழுந்தார். நல்ல காலம், எலும்பு முறியவில்லை. காட்டப் போன இடத்தில் பிசியோதெரபி செய்யும் மிஸ் ஒருவர் உம்மாவின் தொடையை இரண்டு கையாலும் அளந்து பார்த்துவிட்டு எங்களிடம் கேட்டார்: "வீட்டுல உங்கட உம்மாவுக்கு என்ன வேலை?"

"வேலை ஒன்றும் இல்லை மிஸ், நாங்கள் எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்."

"அதுதான் வருத்தம்" என்றார் அவர். "காய்ச்சல் அவவக் கட்டில்ல போட்டது ஒன்பது நாள். நீங்க கதிரையில போட்டது ரெண்டு மாசம்."

தங்கச்சி அங்கேயே அழுதுவிட்டார். அந்த மிஸ் சொல்லித் தந்ததும், அதற்குப் பிறகு நாம் தேடிப் படித்து, கேட்டு அறிந்ததும்தான் இந்தப் பாடம்.

தசை தேய்வு என்றால் என்ன?

நமது உடம்பில் எலும்பை அசைப்பது தசை. நடக்க, குந்த, எழும்ப, கூடை தூக்க, மூச்சு வாங்க எல்லாவற்றுக்கும் தசை வேண்டும். 30 வயதைத் தாண்டிய பிறகு தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்குகிறது. பத்து வருடத்துக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை குறையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 60 வயதுக்குப் பிறகு இந்த வேகம் கூடும். தசையின் அளவு குறைவதைவிட அதன் பலம் இன்னும் வேகமாகக் குறையும்.

இப்படி அளவுக்கு மீறித் தசை தேய்வதற்கு 1989 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இர்வின் ரோசன்பர்க் 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் தசை குறைவு என்று அர்த்தம். 2016 இல் அமெரிக்காவின் நோய்ப் பட்டியலில் இது தனி நோயாகச் சேர்க்கப்பட்டது. அதாவது, "வயசாச்சு" என்று தள்ளிவிடாமல் பார்த்து மருந்து செய்ய வேண்டிய விஷயம் என்று வைத்திய உலகமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் இதற்கு மருந்து குளிசையோ ஊசியோ அல்ல. அசைவும் சாப்பாடும்தான்.

ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். 2007 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் எதுவும் இல்லாத முதியவர்களை 10 நாள் கட்டிலிலேயே வைத்துப் பார்த்தார்கள். பத்தே நாளில் காலில் மட்டும் சுமார் ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. சுகதேகிகளுக்கே இப்படி என்றால், காய்ச்சலோடு ஒன்பது நாள் கிடந்து, அதற்கு மேல் இரண்டு மாதம் கதிரையில் இருந்த எங்கள் உம்மாவுக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தோட்டத்தில் நாம் காண்பது

மலையில் வேலை செய்கிற வரைக்கும் நமது பெண்களின் கால் இரும்பு போல இருக்கும். விடியப் பிரட்டுக்குப் போய், ஏற்றம் இறக்கம் பார்க்காமல் நடந்து, கொழுந்துக் கூடையைச் சுமந்து மடுவத்துக்குக் கொண்டு வருகிறவர்கள் அவர்கள். ஆனால் பேர் வெட்டி, ஈ.பி.எப். காசு எடுத்து, வீட்டோடு இருக்கத் தொடங்கினால் அந்த நடை ஒரே நாளில் நின்றுபோகிறது. நேற்று வரை மலை ஏறினவர் இன்று இஸ்தோப்பில் பலகையில் உட்கார்ந்துவிடுகிறார்.

ஒரு பாட்டி எங்களிடம் சொன்னார்: "என்னங்க ஐயா, முப்பத்தெட்டு வருஷம் கூடை தூக்கின முதுகு. இப்ப ஒரு வாளி தண்ணி தூக்க முடியல. வேலைய விட்டு ரெண்டு வருஷந்தான் ஆச்சு." அவருடைய மகன்மார் இரண்டு பேரும் கொழும்பில் கடையில் வேலை. மாதம் காசு அனுப்புகிறார்கள். காலையில் சாயத் தண்ணியும் ரொட்டியும். பகலுக்குக் கொஞ்சம் சோறு. "ஒத்த ஆளுக்கு என்னத்த சமைக்கிறது?" என்று இரவுக்கு மறுபடியும் ரொட்டி.

எங்கள் உம்மாவைச் சுற்றி ஆறு பேர். இந்தப் பாட்டியைச் சுற்றி யாருமில்லை. ஆனால் இரண்டு பேருடைய காலும் ஒரே மாதிரித்தான் சூம்பியிருந்தன. ஒரு வீட்டில் மகள் எல்லா வேலையையும் பறித்துக்கொண்டார். மற்ற வீட்டில் கேட்பதற்கே ஆள் இல்லை.

குடும்ப உறவுக்கும் தசைக்கும் என்ன சம்பந்தம்?

இப்படிக் கேட்பவர்கள் இருக்கலாம். சம்பந்தம் நான்கு வழியில் வருகிறது.

முதலாவது, வேலையைப் பறிக்கும் அன்பு. "நீங்க இருங்க, நான் செய்றேன்" என்ற வார்த்தை கேட்க நல்லதுதான். ஆனால் ஒரு நாளைக்கு இருபது தடவை எழும்பி உட்கார்ந்த ஒருவரை நாலு தடவையாகக் குறைத்துவிட்டால், அவருடைய தொடைக்குக் கிடைத்த பயிற்சியை நாமே நிறுத்திவிட்டோம் என்று அர்த்தம். 'ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது' என்பார்கள். நாம்தான் பிடித்து உட்கார வைத்துச் சும்மா இருக்கப் பழக்குகிறோம்.

இரண்டாவது, தனிச் சாப்பாடு. கூடிச் சாப்பிடுகிறவர் ஒரு கவளம் கூடச் சாப்பிடுவார். தனியே சாப்பிடுகிறவர் பசியை அடக்குகிற அளவோடு நிறுத்திவிடுவார். இதில் இன்னொரு வழமையும் இருக்கிறது. மீன் துண்டு ஆம்பிளைகளுக்கும் பிள்ளைகளுக்கும் போகும், கிழவிக்குச் சாறு மட்டும் மிஞ்சும். யாரும் மறுத்துக் கொடுப்பதில்லை, அவரே "எனக்கு வேணாம், புள்ளைக்குக் குடு" என்று ஒதுக்கிவிடுவார். கடற்கரை ஊரிலும் இது நடக்கிறது, தேயிலை மலையிலும் நடக்கிறது. மாமியார் மருமகள் மனஸ்தாபம் உள்ள வீட்டில் இன்னும் மோசம். கோபத்தில் சாப்பாட்டை விடுகிறவர் தன் தசையைத்தான் விடுகிறார்.

மூன்றாவது, துக்கமும் கவலையும். 2004 டிசம்பர் 26 இல் வந்த சுனாமியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இலங்கையிலேயே ஆகக் கூடிய உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கு மேல். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரையோரத்தில் ஒரு உயிரையாவது இழக்காத குடும்பம் குறைவு. அதற்குப் பிறகு கடலோரத்துக் குடும்பங்கள் பல வேறு இடங்களில் குடியேற்றப்பட்டன. எங்களுக்குத் தெரிந்த ஒரு கரைவலைக்காரர் இருந்தார். வலைக் கயிறு இழுத்து இழுத்து உருண்ட கை. பிள்ளைகளைக் கடல் கொண்டு போன பிறகு அவர் கடற்கரைப் பக்கமே போகவில்லை. கடலை விட்டுத் தள்ளிக் கொடுத்த வீட்டில் ஜன்னலடியில் இருந்தார். இரண்டு மூன்று வருடத்தில் அந்தக் கை சட்டைக்குள் தொங்கிப்போனது. நோய் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. மனம் எழும்பாவிட்டால் உடம்பும் எழும்பாது. நீண்ட கவலையில் உடம்பில் சுரக்கும் 'கோர்ட்டிசோல்' என்ற சுரப்பு தசையைக் கரைக்கக் கூடியது என்பதையும் வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

நான்காவது, இது ஒரு வட்டம். தனிமையில் இருப்பவர் மெலிகிறார். மெலிந்தவர் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் வெளியே போவதில்லை. வெளியே போகாதவர் மேலும் தனிமையாகிறார். உறவு குறைந்ததால் தசை போனதா, தசை போனதால் உறவு குறைந்ததா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். 2010 இல் உலகம் முழுவதிலும் செய்த 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நல்ல உறவுகளோடு வாழ்பவர்கள் உயிரோடு நீடிக்கும் வாய்ப்பு மற்றவர்களை விட அரைவாசி அளவு கூடுதலாக இருந்தது. அதனால் எந்தப் பக்கம் பிடித்தாலும் இந்த வட்டத்தை அறுக்கலாம். காலைப் பலப்படுத்தினால் அவர் கோயிலுக்கோ பள்ளிக்கோ நடந்து போவார். கூட உட்கார்ந்து சாப்பிட்டால் காலும் பலப்படும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய பரிசோதனை

இதற்கு மெஷின் தேவையில்லை. ஒரு கதிரையும் விநாடி முள் உள்ள மணிக்கூடும் போதும்.

1. கதிரைப் பரிசோதனை: பிடி இல்லாத கதிரையைச் சுவரோடு போடுங்கள். பெரியவர் கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழும்பி உட்காரட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ சென்றால் கவனிக்க வேண்டும். இது ஆசிய நாட்டு நிபுணர்கள் 2019 இல் நமது உடம்பு வாகுக்கு ஏற்ப வைத்த அளவு. விழாமல் பிடிக்க ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள்.

2. விரல் வளையம்: இரண்டு கைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வளையமாக்கி, கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். வளையத்துக்குள் கால் தளர்வாக இருந்து இடைவெளி தெரிந்தால் தசை குறைந்திருக்க இடமுண்டு. ஜப்பானில் கிராமத்துப் பெரியவர்களும் செய்து பார்க்கிற முறை இது. தையல் நாடா இருந்தால் அளந்தும் பார்க்கலாம். ஆணுக்கு 34 சென்ரிமீற்றருக்கும் பெண்ணுக்கு 33 சென்ரிமீற்றருக்கும் குறைந்தால் கவனம்.

3. நடை: ஆறு மீற்றர் தூரத்தை வழமையான நடையில் நடக்க ஆறு விநாடிக்கு மேல் எடுக்கிறாரா?

4. கேள்விகள்: ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கச் சிரமமா? பத்துப் படி ஏறச் சிரமமா? ஒரு வருடத்துக்குள் விழுந்தாரா?

இவற்றில் ஒன்றிரண்டு சரியில்லை என்றால் பயப்பட வேண்டாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் 'ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்' என்று பெயர்ப்பலகை போட்ட பிரிவு இருக்கிறது. அங்கே 35 வயதைத் தாண்டியவர்களுக்குச் சீனி, பிரஷர் எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குத் தசை இன்னும் வேகமாகத் தேயும். ஒன்றிரண்டு மாதத்துக்குள் உடம்பு திடீரென்று மெலிந்தால் அதை முதுமை என்று எண்ணி இருக்கக் கூடாது. காசநோய், புற்றுநோய் போன்றவையும் அப்படித்தான் தொடங்கும். உடனே காட்ட வேண்டும்.

சாப்பாட்டுக் கணக்கு

தசைக்குச் செங்கல் புரதச் சத்து. வயதானவருக்குக் குறையச் சாப்பாடு போதும் என்று நினைக்கிறோம். சோறு குறையலாம், புரதம் குறையக் கூடாது. முதியவர் ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று 2013 இல் நிபுணர் குழு ஒன்று சொன்னது. 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம்.

ரொட்டியும் சாயத் தண்ணியுமாக இருந்த பாட்டியின் ஒரு நாள் சாப்பாட்டை நாம் அவரோடு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். 30 கிராம் தேறவில்லை. சாயத் தண்ணியில் புரதம் இல்லை.

இனி நமது கைக்கு எட்டுகிற சாமான்களைப் பார்ப்போம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஒரு கிளாஸ் பாலில் 6 அல்லது 7. உள்ளங்கையளவு மீன் அல்லது கோழித் துண்டில் 20. கட்டியாக வேகவைத்த பருப்பு ஒரு கோப்பையில் 15 க்குக் குறையாது. அவித்த கடலை அரைக் கோப்பையில் 6 அல்லது 7. நெத்தலிக் கருவாடு ஒரு சின்னக் கைப்பிடியில் சுமார் 10. சோயாவிலும் நிறைய உண்டு. கடற்கரையிலிருந்து வரும் நெத்தலி மலைநாட்டுச் சந்தையிலும் கிடைக்கும். உப்பைக் கழுவி எடுத்துச் சமைக்க வேண்டும். பிரஷர் உள்ளவர்கள் அதை அளவோடு வைத்துக்கொண்டு பருப்பையும் முட்டையையும் நம்பலாம்.

2022 இல் மண்ணெண்ணெய் இல்லாமல் எங்கள் ஊரில் வள்ளங்கள் கரையில் கிடந்தன. முட்டையும் மீனும் விலை ஏறி, பல வீட்டுச் சட்டியிலிருந்து முதலில் காணாமல் போனது பெரியவர்களின் பங்குதான். விலை ஏறும்போது யாருடைய தட்டில் குறைக்கிறோம் என்று கவனியுங்கள்.

ஒரே நேரத்தில் புரதத்தைக் கொட்டுவதை விட, மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுப்பது நல்லது. காலை ரொட்டியோடு ஒரு முட்டை அல்லது கட்டிப் பருப்பு. பகலுக்கு மீன், கருவாடு, சோயா ஏதாவது. பின்னேரம் அவித்த கடலை. பல் இல்லாதவருக்குக் கடலையை மசித்து, மீனை முள் எடுத்து உதிர்த்துக் கொடுங்கள். பல் இல்லாத காரணத்தால் சாறும் சோறுமாக ஒதுங்கிப்போனவர்கள் நமது லயங்களில் அநேகம். நோன்பு பிடிக்கிற பெரியவர்கள் ஸஹரில் வெறும் சோற்றோடு நிறுத்தாமல் முட்டையோ பருப்போ தயிரோ சேர்த்துக்கொள்ளலாம். மருந்து பாவிக்கிறவர்கள் நோன்புக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

அசைவு இல்லாமல் சாப்பாடு போதாது

1990 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தில் முதியோர் இல்லமொன்றில் 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேரைக் கொண்டு காலால் பாரம் தூக்கும் பயிற்சி செய்வித்தார்கள். எட்டு வாரத்தில் கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் உயர்ந்தது. 1994 இல் நூறு பேரோடு மறுபடி செய்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்குப் பலம் கூடியது. பயிற்சி இல்லாமல் வெறும் சத்துப்பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகையால், விலை கூடிய மாப் பேணிகளை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். தொண்ணூறு வயதிலும் தசை சொல்லுக் கேட்கும் என்பதுதான் இதில் நாம் எடுக்க வேண்டிய பாடம்.

வீட்டில் செய்யக்கூடியவை:

கதிரையில் எழும்பி உட்காருதல். முதலில் ஐந்து, பிறகு பத்து. கை ஊன்றித் தொடங்கி, மெல்ல மெல்லக் கையை விடலாம்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்தி இறக்குதல், பத்துத் தடவை.

சுவரில் கை வைத்துத் தள்ளுதல், பத்துத் தடவை.

கதிரையில் இருந்து ஒவ்வொரு காலாக முன்னே நீட்டி, ஐந்து எண்ணி இறக்குதல்.

அரைக் கிலோ சீனிப் பையைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்குதல்.

இவற்றை ஒரு நாள் விட்டு ஒரு நாள், கிழமைக்கு மூன்று நாள் செய்தால் போதும். மூச்சை அடக்காமல் செய்ய வேண்டும். நெஞ்சு நோ, தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்துங்கள். இருதய வருத்தம் உள்ளவர்களும் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மற்ற நாட்களில் நடை. கீரைப் பாத்தி, கோழிக் கூடு, பேரப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பிராவுக்குக் கூட்டிப் போவது, எல்லாம் பயிற்சிதான். தொழுகையில் கட்டாயமான 17 ரக்அத்தில் ஒரு நாளைக்கு 34 சுஜூது வருகிறது. கோயிலில் விழுந்து கும்பிட்டு எழும்புவதும், தேவாலயத்தில் முழங்காலிட்டு எழும்புவதும் அந்த மாதிரித்தான். ஏலுகிறவர் நிலத்தை விட்டுக் கதிரைக்கு அவசரப்பட்டு மாற வேண்டியதில்லை.

யார் செய்வது?

இங்கேதான் நாம் நியாயமாகப் பேச வேண்டும். தோட்டத்தில் பெரியவர்களைப் பார்ப்பது மகள் அல்லது மருமகள். அவரோ காலையிலிருந்து மலையில் நின்று, கிலோக் கணக்கு முடித்து, பின்னேரம் வீட்டுக்கு வந்து விறகும் தண்ணீரும் பார்க்கிறவர். அவருடைய தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதற்கு நாம் இதை எழுதவில்லை. கல்முனைப் பக்கத்திலும் வீடு மகளுக்கு என்பதால் கவனிப்பும் மகளுக்கே என்று ஆகிவிட்டது. கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற மகன்மாரும், எங்களைப் போல மலையில் வேலை பார்க்கிற மகன்மாரும், காசு அனுப்புவதோடு கைகழுவிவிடுகிறோம்.

மகன்மார் இருக்கும் வீட்டில் பயிற்சி மகனின் பொறுப்பாக இருக்கட்டும். பத்து நிமிஷம்தான். பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளை எண்ணட்டும், கொப்பியில் எழுதட்டும். தூரத்தில் இருப்பவர் போன் எடுத்தால் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதோடு "இன்டைக்கு எத்தனை தரம் எழும்பினீங்க?" என்றும் கேட்கட்டும். தனியே இருக்கும் பெரியவரைப் பக்கத்துக் காம்பிராக்காரர் ஒரு வேளையாவது தங்கள் வாசலுக்குக் கூப்பிட்டுச் சேர்ந்து சாப்பிடலாம். நாம் சொன்ன பாட்டி இப்போது அடுத்த காம்பிராக் குடும்பத்தோடு இராச் சாப்பாடு சாப்பிடுகிறார். பருப்பு அவருடையது, அடுப்பு அவர்களுடையது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது. கைவிடப்பட்டவர் பராமரிப்புச் சபையில் முறையிடலாம். அந்த அளவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது நமது மானத்துக்கும் நல்லது.

உம்மா இப்போது

அந்த மிஸ் சொன்னபடி தங்கச்சி உம்மாவின் வேலையைத் திருப்பிக் கொடுத்தார். முதல் நாள் ஒரு கோப்பை கழுவுவது. பிறகு இருந்தபடி வெங்காயம் உரிப்பது. பிறகு அடுப்படிக்கு நடந்து வருவது. தங்கச்சியின் மகன், ஒன்பது வயதுப் பிள்ளை, பின்னேரத்தில் கதிரைக்கு முன்னால் நின்று "ஒண்டு... ரெண்டு... உம்மம்மா, கை ஊண்டக் கூடாது!" என்று எண்ணுவான். உம்மாவுக்கு இடைக்கிடை கோபமும் வந்தது. "என்னப் போட்டு வதைக்கிறாங்க மகன்" என்று எங்களுக்குப் போனில் முறைப்பாடு வைத்தார். பொறுத்துக்கொண்டோம்.

ஐந்து தடவை எழும்ப முதல் வாரத்தில் 31 விநாடி சென்றது, அதுவும் கை ஊன்றி. நான்கு மாதத்துக்குப் பிறகு 16 விநாடி. இன்னும் 12 க்கு வரவில்லை. வராமலும் போகலாம். கிணற்றில் தண்ணீர் அள்ளிய பழைய உம்மா திரும்பி வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இழந்த தசை முழுவதும் திரும்பாது. அதனால்தான் இழப்பதற்கு முன்பே கவனியுங்கள் என்று உங்களைக் கேட்கிறோம்.

ஆனால் கடைசியாகப் போனபோது, கதவைத் திறந்தது உம்மா. அன்று மஃரிபுக்குக் கட்டிலின் ஓரத்தைப் பிடித்தபடி முசல்லாவில் இறங்கி, நிலத்தில் நெற்றி வைத்துத் தொழுதார். எழும்பும்போது தங்கச்சி வழமைப்படி கையை நீட்டினார். பிறகு நீட்டிய கையைத் தானே மடக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். உம்மா நேரம் எடுத்துத் தானாகவே எழும்பினார்.

வீட்டில் கூடிப் பேசுவதற்கு

1. நமது வீட்டுப் பெரியவருக்கு என்று ஒரு வேலை இருக்கிறதா? நாம் பறித்துக்கொண்ட வேலை எது?

2. நேற்று அவர் சாப்பிட்டதில் முட்டை, மீன், பருப்பு, கடலை எத்தனை வேளை இருந்தது?

3. அவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்?

4. கதிரைப் பரிசோதனையில் எத்தனை விநாடி? இன்றைய திகதியோடு எழுதி வைத்து, மூன்று மாதத்தில் மறுபடி பாருங்கள்.

5. கவனிப்பு ஒருவருடைய தலையில் மட்டும் இருக்கிறதா? யார் எதைப் பகிர்ந்துகொள்ளலாம்?

பதில்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லயத்துக்கு வரும்போது நாமும் கேட்போம்.

– தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்